ஜாதிப் பூனையும் நாட்டுப் பூனையும்: 'பொறுப்பு' எனும் சொல்லின் வரலாறு

1

கொங்கு நாட்டுக் கால்நடை வரலாறு என்றால் அது காங்கேயம் மாட்டின் வரலாறுதான். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பெயர் இல்லாமல் அதை எழுத முடியாது. தேர்ந்தெடுத்த பொலிகாளை, கொரங்காட்டு மேய்ச்சல், கண்ணபுரம் சந்தை, அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தை எனச் சகலத்துக்கும் பதிவு உண்டு. 1936இல் லிட்டில்வுட் எழுதிய தென்னிந்தியக் கால்நடை நூலிலும் காங்கேயத்துக்கு இடம் உண்டு. மாட்டின் இனத்தைக் காப்பது நிலம் வைத்திருப்பவனின் கௌரவம். ஆகவே அது வரலாறாயிற்று.

அதே தொண்டுப்பட்டியின் ஓரத்தில், குதிருக்குப் பின்னால் இருட்டில், குட்டி போட்டு வாழ்ந்த பூனைக்கு வரலாறு இல்லை. கம்பையும் சோளத்தையும் எலியிடமிருந்து காத்தது அதுதான். ஆனால் அதை யாரும் விலைக்கு வாங்கவில்லை, விற்கவில்லை, பொலிக்கு விடவில்லை. எங்கள் அமுச்சியிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தபோது அவர் சொன்னது: "பூனைய யாரு கண்ணு வளத்தறா? அது வருது, இருக்குது, போவுது." உடைமை என்ற சொல்லுக்கு வெளியே ஒரு உயிரை வைத்துப் பேசுகிற வாக்கியம் இது. ரொம்பவும் புனிதப்படுத்திவிடவும் வேண்டாம். யாருக்கும் சொந்தமில்லை என்பதால்தான் அதே ஊரில் பூனைக்குட்டிகளைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவந்ததும் நடந்தது. சகுனம் பார்க்கிறவர்களின் பட்டியலில் கைம்பெண்ணும் பூனையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றதும் இதே சமூகத்தில்தான். எதிரே வரக்கூடாதவை இரண்டும். வீட்டுக்குள் உழைப்பவை இரண்டும்.

2

வரலாறுதான் இல்லையே தவிர, தமிழ்ச் சிந்தனையின் பெரிய விவாதமொன்றின் நடுவில் பிறந்த பூனைக்குட்டி உட்கார்ந்திருக்கிறது. வடகலையார் மார்க்கட நியாயம் என்றார்கள்: குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் ஆன்மாவும் தன் பங்குக்கு முயல வேண்டும். தென்கலையார் மார்ஜார நியாயம் என்றார்கள்: பூனைக்குட்டி ஒன்றுமே செய்வதில்லை, தாய் கழுத்தைக் கவ்வித் தூக்கிப் போகிறது, அருளும் அப்படித்தான். ஒரு பக்கம் வேதாந்த தேசிகர், மறுபக்கம் பிள்ளை லோகாசாரியாரும் மணவாள மாமுனிகளும். பிளவு பின்னால் கோயில் உரிமை, நாம வழக்கு என்று நீதிமன்றம்வரை போயிற்று.

இந்த விவாதத்தில் குட்டியைப் பற்றிக் கேட்டார்கள். கடவுளைப் பற்றிக் கேட்டார்கள். தாய்ப் பூனையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. உவமையில் அது கடவுளாகிவிட்டதால் அதன் உழைப்பு கண்ணில் படாமல் போயிற்று.

அந்த உழைப்பு என்ன? சுமார் 9 வாரச் சினை. பிறக்கும்போது குட்டி ஏறக்குறைய 100 கிராம். கண் திறக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் சில வாரங்களுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. தாயின் வயிறுதான் அடுப்பு. தாய் நக்கித் தூண்டினால்தான் மூத்திரம் போகும், மலம் போகும். முதல் நாள் சீம்பாலில்தான் நோயெதிர்ப்பு வருகிறது. இடம் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் தாய் ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றும். 'குட்டி போட்ட பூனை மாதிரி' என்று நாம் கேலியாகச் சொல்வது இந்த அலைச்சலைத்தான். ஒரு வேலையைப் பழமொழியாக்கிவிட்டால் அது வேலை என்பது மறந்துபோகும். வீட்டு வேலைக்கும் இதுதானே நடந்தது?

குட்டியும் ஒன்றும் செய்யாமல் இல்லை. கண் திறக்குமுன்பே மோப்பத்தாலும் சூட்டாலும் முலையைத் தேடி ஊர்கிறது, முன்னங்கால்களால் பிசைந்து பாலை இறக்குகிறது. அந்த அளவில் பூனைக்குட்டி இரண்டு கலைக்கும் கட்டுப்படவில்லை.

3

பூனை முதன்முதலாக நவீன அரசின் கண்ணில் பட்டது பிளேக்கில். 1896இல் பம்பாயில் தொடங்கிய கொள்ளைநோய் அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. வீடு புகுந்து சோதனை, முகாம், கட்டாய வெளியேற்றம். சென்னை மாகாணத்தில் பயணிகளைக் கண்காணிக்கப் 'பிளேக் பாஸ்போர்ட்' வந்தது. பிளேக் பீடித்த நகரத்தைக் கண்காணிப்பு அதிகாரத்தின் மாதிரி வடிவமாக ஃபூக்கோ 1975இல் எழுதினார். அந்த நகரம் ஐரோப்பாவில் மட்டும் இருக்கவில்லை.

கோவையில் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிளேக் அலை அலையாக வந்தது. எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்க் கொட்டகை போட வேண்டும் என்பது சனங்கள் கற்ற பாடம். பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்காலத்தின் மிச்சம். 2021இல் இருகூரில் காமாட்சிபுரி ஆதீனம் 'கொரோனா தேவி'க்குச் சிலை வைத்தபோது முன்மாதிரியாகப் பேசப்பட்டதும் அவள்தான். நோய்க்கு ஒரு அம்மனை உருவாக்கிக்கொண்ட ஊரில், நோயைச் சுமந்த எலியைத் தின்ற பூனைக்கு ஒரு கல்லும் நடப்படவில்லை.

ஆனால் அறிவியல் பூனையைக் கவனித்தது. 1898இல் பால் லூயி சிமோன் எலியிலிருந்து மனிதனுக்கு நோயைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி என்றார். பிறகு இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ஆண்ட்ரூ புக்கானன், பூனை நிறைய உள்ள கிராமங்களில் பிளேக் குறைவு என்று வாதிட்டு, 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அதே ஆண்டு ஜப்பான் போன ராபர்ட் கோக்கும் பூனை வளர்ப்பைப் பரிந்துரைத்தார். வீட்டு மூலையில் யாருடையதுமில்லாமல் கிடந்த உடல் சட்டென்று பொதுச் சுகாதாரக் கருவியாகிவிட்டது. எண்ண வேண்டும், பெருக்க வேண்டும்.

இங்கே ஒரு முரண் உண்டு. பூனைக்கும் பிளேக் வரும், பூனை வழியாக மனிதருக்கும் வரும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் 1977 முதல் 1998 வரை பூனையால் பிளேக் வந்தவர்கள் 23 பேர், இறந்தவர் 5 பேர். பூனையை வெறும் எலிப்பொறியாகப் பார்த்த சொல்லாடல், அதுவும் நோயுறும் உடல் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. கருவிக்கு நோய் வராது அல்லவா!

4

அரசு பூனையைக் கருவியாகப் பார்த்தது என்றால், சந்தை அதைப் பரம்பரையாகப் பார்த்தது. இதன் தொடக்கத்துக்குத் தேதியே உண்டு: 1871 ஜூலை 13, லண்டன் கிரிஸ்டல் பேலஸ். ஹாரிசன் வெயர் நடத்திய பூனைக் கண்காட்சி. 1887இல் தேசியப் பூனைச் சங்கம், பிறகு வம்சாவளிப் பதிவேடு. இன்று 'தொன்மையான இனம்' என்று விளம்பரப்படுத்தப்படுகிற பூனை இனங்களில் பெரும்பாலானவற்றின் வயது 150 ஆண்டுக்குள்தான். இனத் தூய்மை, மனிதர்களை இனங்களாக அளந்த அதே நூற்றாண்டின் கண்டுபிடிப்பு.

தமிழில் இது எப்படி வந்து சேர்ந்தது? மொழியைக் கவனியுங்கள். 'ஜாதி நாய்', 'ஜாதிப் பூனை' என்கிறோம். மற்றவை 'நாட்டு', 'தெரு'. யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த மொழிபெயர்ப்பு இல்லை இது. பிறப்பால் மதிப்பு, அகமணத்தால் தூய்மை, கலப்பால் இழிவு என்ற சட்டகம் ஏற்கெனவே கையில் இருந்தது. அதை எடுத்து ஒட்டிவிட்டோம். பூனைக்குக் கூடவா என்று கேட்கலாம். சாதி தன்னை இயற்கை என்று காட்டிக்கொள்ள விலங்கைவிட வசதியான இடம் வேறு எது?

தூய்மையின் விலையை உடல் தருகிறது. பெர்ஷியன் பூனையின் முகம் தட்டையாகத் தட்டையாக மூச்சும் கண்ணீர்க் குழாயும் நெருக்கப்பட்டன. அந்த இனத்தில் பரம்பரையாக வரும் சிறுநீரகக் கட்டி நோய்க்கான மரபணுப் பிறழ்வை 2004இல் கண்டறிந்தார்கள். பல மேலைநாட்டு ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பெர்ஷியன்களுக்கு அந்நோய் இருந்தது. 1961இல் ஸ்காட்லாந்துப் பண்ணையொன்றில் காது மடிந்த ஒரு பூனை கண்டெடுக்கப்பட்டு 'ஸ்காட்டிஷ் ஃபோல்டு' இனமாயிற்று. காதை அழகாக மடிக்கிற அதே பிறழ்வு, மூட்டுகளையும் குருத்தெலும்பையும் சிதைக்கிறது. அகமணம் என்ன செய்யும் என்று நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

5

'பொறுப்பான இனவிருத்தி' என்று இன்று பேசுகிறார்கள். தாய் தந்தைக்கு மரபணுச் சோதனை, நெருங்கிய உறவில் இணை சேர்க்காமை, சினைக்கும் சினைக்கும் இடைவெளி, தடுப்பூசி. இவையெல்லாம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பொறுப்பு யாருக்கு? பெரும்பாலும் வாங்குகிறவனுக்கு. தூய்மைக்கு உத்தரவாதம் தருவதைத்தான் பொறுப்பு என்கிறார்கள். நாய் இனவிருத்திக்கு மத்திய அரசு 2017இல் விதி கொண்டுவந்தது. பூனைக்கு அப்படித் தனி விதி இல்லை. ஆகவே நான்கு வாரம்கூட ஆகாத குட்டிக்கும் கோவையில் விலை சொல்ல முடிகிறது. சின்னதாக இருந்தால் 'க்யூட்', சீக்கிரம் விலைபோகும்.

குட்டிக்குக் குறைந்தது 8 வாரம் தாய் வேண்டும். 12 வாரம் இருந்தால் இன்னும் நல்லது. கடிக்கும் அளவையும் நகம் மடக்கவும் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான் அது கற்கிறது. தாய் இல்லையென்றால் முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. அதுவும் பசும்பால் அல்ல, குட்டிக்கென்று விற்கிற பால்மாவு. மல்லாத்திப் பிடித்து ஊட்டக்கூடாது, பால் நுரையீரலுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மணிக்கொரு தரம், இரவிலும் ஊட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியால் துடைத்து மூத்திரம் போகவைக்க வேண்டும். ஒரு ராத்திரி இதைச் செய்கிறவருக்கு மார்ஜார நியாயத்தில் விடுபட்டது எது என்று புரிந்துவிடும்.

பெண்பூனை ஆறு மாதத்திலேயே, சமயத்தில் அதற்கு முன்பே, சினைக்கு வந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று. தெருவில் குட்டிகள் குவிய, கடையில் ஜாதிக்குட்டி விலைக்குப் போகிறது. எனவே நான் முன்வைப்பது இது: நாட்டுப் பூனைக்குக் கருத்தடை, தெருக்குட்டிக்கு வீடு, தாயிடமிருந்து பிரிக்கும் வயதுக்குச் சட்டம், நோயையே அழகாக விற்கும் இனங்களின் விருத்திக்குத் தடை. அமுச்சி சொன்னதில் உடைமை மறுப்பை எடுத்துக்கொள்வோம், கைவிடுதலை விட்டுவிடுவோம். உடைமை இல்லாமல் பொறுப்பு சாத்தியமா என்பது பூனையை ஒட்டி மட்டும் எழுகிற கேள்வி அல்ல. ஆனால் அதைக் கேட்பதற்கு, கண் திறக்காத 100 கிராம் உயிரைவிட நேரடியான இடம் எனக்குத் தெரியவில்லை. அதற்கு இனமும் தெரியாது, விலையும் தெரியாது. சூடு எங்கே என்று மட்டும் தெரியும்.