63 என்னும் எண்: இயக்குதளம் வன்தட்டை விட்டு வெளியேறிய வரலாறு

பழைய வன்தட்டில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பி இயக்குதளத்தை ஒரு பைட்டும் பிசகாமல் நகலெடுத்து எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் வைத்தால், கணினி இயங்கக்கூடும். ஆனால் அச்சேமிப்பகம் தரவல்ல வேகம் முழுமையாகக் கிட்டாது. குறை நகலில் இல்லை. நகல் மிகச் சரியாக இருந்ததே சிக்கல். இயக்குதளத்தோடு சேர்ந்து 63 என்னும் ஓர் எண்ணும் புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. அவ்வெண்ணின் பிறப்பை அறியத் தட்டுகள் சுழன்ற காலத்துக்குத் திரும்ப வேண்டும்.

1956இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய 350 என்னும் சேமிப்பகமே வணிகத்துக்கு வந்த முதல் வன்தட்டு. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1200 சுற்று சுழன்றன. ஒரு டன்னுக்குக் குறையாத எடை. கொள்ளளவோ 50 லட்சம் எழுத்துகள். வேண்டிய தகவலை எட்டச் சராசரியாக 0.6 நொடி ஆயிற்று. தரவு என்பது அங்கே நேர்ப்பொருளிலேயே ஓர் இடம். படிக்கும் முனை அத்தடத்துக்கு நகர வேண்டும். தட்டு சுழன்று உரிய பகுதி முனைக்கடியில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

இந்தக் காத்திருப்பைக் குறைப்பதே அடுத்த கால் நூற்றாண்டுக்கு இயக்குதளம் எழுதியோரின் பெருங்கவலையாயிற்று. வரிசையில் நிற்கும் வேண்டுகோள்களை மின்தூக்கி மாடிகளுக்குச் செல்வதுபோல் ஒரே திசையில் நிறைவேற்றும் முறை வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெக்கூசிக்கும் அவருடைய தோழர்களும் யூனிக்சுக்கு அமைத்து, 1984இல் கட்டுரையாக வெளியிட்ட கோப்பு முறைமை இதன் உச்சம். தொடர்புடைய கோப்புகளைத் தட்டில் அருகருகே வைத்ததும், சுழற்சியின் வேகத்தைக் கணக்கில் கொண்டதுமே அதன் சிறப்பு. தட்டின் பரிமாற்றத் திறனில் 2 முதல் 4 விழுக்காட்டையே பயன்படுத்திவந்த யூனிக்ஸ், அதன்பின் 47 விழுக்காடு வரை எட்டியது. தட்டின் நிலவியலை அறிந்த இயக்குதளமே நல்ல இயக்குதளம் என்னும் கொள்கை நிலைபெற்றது.

தனியாள் கணினிக்கும் அதே நிலவியல் வந்து சேர்ந்தது. 1983இல் 10 மெகாபைட் வன்தட்டுடன் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. வெளிவந்தபோது, தட்டை எவ்வாறு பிரித்திருக்கிறது என்னும் அட்டவணை அதன் முதல் செக்டாரிலேயே எழுதப்பட்டது. உருளை, முனை, செக்டார் ஆகிய மூன்று எண்களால் ஒவ்வோர் இடமும் குறிக்கப்பட்டது. செக்டார் எண்ணுக்குக் கிடைத்தவை 6 பிட்டுகள் மட்டுமே. எண்ணிக்கை 1இல் தொடங்கியதால் ஒரு தடத்தில் 63 செக்டார்களுக்கு மேல் குறிக்க வழியில்லை. பின்னாளில் தட்டுகளின் வெளித்தடங்களில் பல நூறு செக்டார்கள் அடங்கலாயின. ஆயினும் தடத்துக்கு 63 என்றே வன்தட்டுகள் கணினியிடம் சொல்லிவந்தன. முதல் தடம் அட்டவணைக்கென ஒதுக்கப்பட்டதால், இயக்குதளம் குடியிருக்கும் பகுதி 63ஆம் எண்ணுள்ள செக்டாரில் தொடங்குவது மரபாயிற்று. பொய்க் கணக்குதான்; எனினும் 512 பைட் அளவிலேயே எழுதப்பட்ட தட்டுக்கு அதனால் இழப்பேதும் இல்லை.

பெர்க்லிக் கட்டுரை வெளியான அதே 1984இல், ஜப்பானின் தோஷிபா நிறுவனப் பொறியாளர் ஃபூஜியோ மசுவோக்கா, சுழற்சியே தேவைப்படாத ஃபிளாஷ் நினைவகத்தை அறிஞர் அவையில் முன்வைத்தார். இன்றைய எஸ்.எஸ்.டி.களின் அடிப்படையான நாண்ட் வகை 1987இல் வந்தது. மசுவோக்கா தம் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு கோரிப் பின்னாளில் வழக்காட வேண்டியிருந்தது, 2006இல் 8.7 கோடி யென்னுக்கு உடன்பாடு ஏற்பட்டது. ஃபிளாஷ் இன்று உலகில் பிடித்திருக்கும் இடத்தை நினைத்தால் அது சிறுதொகையே.

ஃபிளாஷுக்கும் ஒரு நிலவியல் உண்டு. தட்டினுடையதற்கு அது முற்றிலும் வேறு. பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால் எழுதிய பக்கத்தின்மேல் மறுபடி எழுத இயலாது. பல பக்கங்கள் சேர்ந்த தொகுதி முழுவதையும் அழித்த பின்னரே அங்கே மீண்டும் எழுதலாம். அழிக்குந்தோறும் அது சற்றே தேயும்.

இத்தகைய பொருளை வன்தட்டின் இடத்தில் அமர்த்தியவர்களுள் இந்தியர் ஒருவரும் உண்டு. கான்பூரில் பிறந்து, பிலானியில் பயின்று, பெர்க்லி சென்ற சஞ்சய் மெஹரோத்ரா, ஏலி ஹராரி, ஜாக் யுவான் ஆகியோருடன் 1988இல் சன்டிஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் சான்டிஸ்க் எனப் பெயர் மாறியது அதுவே. 1991இல் ஐ.பி.எம்.முக்காக அவர்கள் உருவாக்கிய சேமிப்பகம் 20 மெகாபைட் கொண்டது. விலை ஏறத்தாழ 1000 டாலர். அதன் வெற்றி மாறுவேடத்தில் இருந்தது. உருவிலும் பேச்சிலும் அது வன்தட்டாகவே நடித்தது. இயக்குதளம் ஓர் எண்ணைச் சொல்ல, உள்ளிருந்த கட்டுப்படுத்தி அதை ஃபிளாஷின் ஏதோவொரு பக்கத்துக்கு மொழிபெயர்த்தது. 20 மெகாபைட்டுக்காக எவரும் தம் இயக்குதளத்தைத் திருத்தி எழுதியிருக்க மாட்டார்கள். அவ்வேடம் இல்லையேல் அன்று எஸ்.எஸ்.டி.க்குச் சந்தையே இல்லை.

2008இல் இன்டெல்லின் எக்ஸ்25-எம் போன்றவை வந்தபோது, தனியாட்கள் தம் இயக்குதளத்தையே எஸ்.எஸ்.டி.க்கு மாற்றத் தொடங்கினர். வேடத்தின் விலை அப்போதுதான் தெரிந்தது. 63 செக்டார்கள் என்பன 32,256 பைட்டுகள். 4096ஆல் வகுத்தால் 7.875. அந்த எட்டில் ஒரு பங்குக் குறையால், இயக்குதளம் 4096 பைட் எழுதும்போதெல்லாம் எழுத்து இரண்டு பக்கங்களின் எல்லையைக் கடந்து விழுந்தது. ஒரு வேலை இரண்டாயிற்று. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து பகுதிகள் 2048ஆம் செக்டாரில் தொடங்கலாயின. எனினும் பழைய நிறுவலை அப்படியே நகலெடுத்தவர்களை 63 விடவில்லை.

அடுத்தது அழித்தல். கோப்பை நீக்கும் இயக்குதளம் பெரும்பாலும் அட்டவணைக் குறிப்பை மட்டுமே மாற்றுகிறது. தட்டுக்கு அது போதும். எஸ்.எஸ்.டி.யோ அக்கோப்பு செத்ததை அறியாமல், தொகுதிகளைச் சீரமைக்கும்போதெல்லாம் அதைச் சுமந்து இடம் மாற்றி எழுதிக் களைத்தது. இவ்விடம் இனித் தேவையில்லை என்று சொல்லும் டிரிம் கட்டளை 2009 அக்டோபரில் விண்டோஸ் 7உடனும், 2010இல் லினக்ஸ் கருவிலும் வந்து சேர்ந்தது. கிதறிய கோப்புகளைக் கோத்து வைக்கும் பழைய வழக்கத்தையும் விண்டோஸ் 7 எஸ்.எஸ்.டி.யில் கைவிட்டது, பெர்க்லி வகுத்த அண்மை விதிக்கு இங்கே பொருளில்லை.

முகவரிச் சிக்கலும் இருந்தது. எஸ்.எஸ்.டி.யின் திறனைப் பெற ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்றியவுடன், அதற்கான இயக்கியில்லாத விண்டோஸ் 0x7பி பிழையுடன் நீலத்திரையில் நின்றது. தன் வீட்டுக் கதவே அதற்கு அடையாளம் தெரியவில்லை. லினக்ஸில் எந்தத் துளையில் செருகியது என்பதைக்கொண்டு பெயரிடும் வழக்கம் தளர்ந்து, ஒவ்வொரு பகுதிக்கும் உரிய தனி அடையாள எண்ணால் அழைக்கும் முறை பரவியது. இடத்தை வைத்துப் பெயர் சொல்லும் பழக்கம் இவ்வாறு சிறுகச் சிறுக விலகியது.

இத்தனை பேச்சிலும் இடமாற்றம் என்னும் சொல் ஒன்றை மறைத்துவிடுகிறது. நகர்ந்தது எதுவும் இல்லை. நகல் எடுக்கப்பட்டது, மூலம் பழைய தட்டிலேயே இருக்கிறது. தில்லி நேரு பிளேஸிலும் பெங்களூர் எஸ்.பி. சாலையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் பழைய தட்டுகள் கைமாறும் நாட்டில் இது சிறு செய்தியன்று. அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷேலத் ஆகிய ஆய்வாளர்கள் பயன்படுத்திக் கழித்த 158 வன்தட்டுகளை வாங்கிச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டனர். இயங்கியவை 129, முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. அவற்றுள் ஒன்று இல்லினாய் மாநிலத்தில் ஒரு பணம் வழங்கும் இயந்திரத்தில் இருந்ததாகத் தோன்றியது. கணக்கு எண்களும் இருப்புத் தொகைகளும் அதில் அப்படியே இருந்தன.