பருவத்தின் ராகம்

இளம்பருவத்தைப் பாட்டு எவ்வாறு சித்திரித்தது என்று ஆராயப் புகுவோர்க்குப் பெங்களூர்த் திரையுலகின் சரித்திரத்தில் 1987ஆம் வருஷம் விசேஷமானது. ரவிச்சந்திரன் இயக்கி நடித்த படம் கன்னடத்தில் ‘பிரேமலோகா’வாகவும் தமிழில் ‘பருவ ராக’மாகவும் வெளிவந்த அவ்வருஷத்தில், அதுகாறும் பெரும்பாலும் காவியச் சொற்களில் நாணியும் உருகியும் நின்ற இளமை, ஹம்சலேகாவின் இசையில், கல்லூரி வாசலில் மாணவர் பேசிக்கொள்ளும் வேகத்திலேயே, கேலியும் சவாலும் கேள்வியும் பதிலுமாகப் பாடத் தொடங்கியது. கன்னடப் பாடல்களை இசையமைத்தவரே எழுதியமையால், சொல்லும் சுருதியும் ஒரே மனத்தில் பிறந்த சௌந்தரியம் அவற்றுக்கு வாய்த்தது என்பது என் துணிபு. ‘கிரீஸ் 2’ என்ற அமெரிக்கப் படத்தின் சாயல் கதையில் உண்டு, அதனால் குறைவொன்றுமில்லை. ஒலிநாடாக்களின் வழியே வீடுகளுக்குள் புகுந்த அப்பாடல்களில், எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் எஸ். ஜானகியும், பதினாறு வயதை எப்போதோ கடந்தவர்களாயினும், அப்பருவத்தின் படபடப்பை மெய்யாகவே மீட்டெடுத்தனர்.