எடை குறைந்த லேப்டாப் வந்த வழி

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் போதும், சென்னை ரிச்சி தெருவில் இருக்கும் என் கடைக்கு லேப்டாப் பழுதுபார்க்க வருகிறவர்களைவிட யோசனை கேட்க வருகிறவர்கள் அதிகமாகிவிடுவார்கள். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வருவார்கள். பிள்ளையின் செல்போனில் இரண்டு மாடல்களின் படம் இருக்கும். "அண்ணே, இதுல எதை எடுக்கலாம்? காலேஜுக்கும் தூக்கிட்டுப் போகணும், வீட்லயும் எல்லாருக்கும் ஆகணும்" என்பார்கள். பெரும்பாலும் ஒன்று மெல்லியதாக, உலோக உடம்போடு இருக்கும். மற்றது கொஞ்சம் தடித்த பிளாஸ்டிக். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

விற்கிற கடையில் இரண்டையும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். அதற்குக் காரணம் உண்டு. இன்று பையில் போட்டுத் தூக்கும் எந்த லேப்டாப்பும் 2007ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலும் 2008ஆம் ஆண்டின் முதல் மாதத்திலும் வெளிவந்த மூன்று இயந்திரங்களில் ஏதோ ஒன்றின் வாரிசு. அவற்றில் பள்ளிப் பிள்ளையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது ஒன்றுதான். அதற்குத்தான் வாரிசு இல்லாமல் போனது.

பிள்ளைக்கென்று ஒரு கணினி என்ற எண்ணம் அதைவிடப் பழையது. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்த ஆலன் கே 1972இல் 'டைனாபுக்' என்ற கருவியைப் பற்றி எழுதினார். நோட்டுப் புத்தக அளவு, நான்கு பவுண்டுக்குள் எடை, எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் உரியது என்பது அவர் கனவு. கணினி அறையை அடைத்துக்கொண்டு நின்ற காலம் அது. டைனாபுக் காகிதத்திலேயே நின்றது.

அந்தக் கனவைக் கையில் எடுத்தவர் எம்ஐடியின் நிக்கோலஸ் நெக்ரோபோண்டே. 2005இல் 'குழந்தைக்கு ஒரு லேப்டாப்' என்ற திட்டத்தை அறிவித்தார். விலை 100 டாலர் என்றார். அதே ஆண்டு நவம்பரில் துனிஸ் மாநாட்டில் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னானோடு மேடையேறி, கையால் சுற்றி மின்சாரம் எடுக்கும் பச்சை நிற மாதிரியைக் காட்டினார். இரண்டு ஆண்டு கழித்து உற்பத்திக்கு வந்தபோது அந்தச் சுற்றும் கைப்பிடி இல்லை. விலையும் 100 டாலரில் நிற்காமல் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதன் பெயர் எக்ஸ்ஓ.

ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர் கொண்டுவந்த எக்ஸ்ஓவை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். இத்தனை காலம் இந்தத் தொழிலில் நான் திறந்த எந்த லேப்டாப்பும் எனக்கு அவ்வளவு மரியாதையை உண்டாக்கியதில்லை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்றே போதும். உபரி ஸ்க்ரூக்களை உடம்புக்குள்ளேயே வைத்திருந்தார்கள், தொலைந்தால் எடுத்துப் போட்டுக்கொள்வதற்காக. விசிறி கிடையாது, சுழலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. கீழே விழுந்தால் முதலில் சாகும் பாகங்கள் அவைதான். கீபோர்டு முழுக்க ரப்பர் உறை, தண்ணீரும் தூசியும் இறங்காது. மதர்போர்டு கீபோர்டுக்குக் கீழே இல்லாமல் திரைக்குப் பின்னால் இருந்தது. கீபோர்டில் தண்ணீர் கொட்டி, அது நேரே போர்டில் இறங்கி வீணான லேப்டாப்புகளை வாரந்தோறும் பார்க்கிறவனுக்குத்தான் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். இரு பக்கமும் முயல் காது போல நிமிரும் வைஃபை ஆன்டெனாக்கள், மடக்கினால் யுஎஸ்பி துளைகளை மூடிக்கொள்ளும்.

திரைதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது. மேரி லூ ஜெப்சன் என்ற பொறியாளர் வடிவமைத்த 7.5 அங்குலத் திரை. உள்ளே வண்ணத்தில் தெரியும். வெயிலில் கொண்டுபோனால் வெளிச்சத்தையே வாங்கிக் கறுப்பு வெள்ளையில் தெளிவாகக் காட்டும். மரத்தடியில் பாடம் நடக்கும் பள்ளிக்காகச் செய்த திரை அது. உள்ளே இருந்த சிப் என்னவோ மெதுவானதுதான்: 433 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி ராம், 1 ஜிபி சேமிப்பு.

நம் நாட்டின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2006லேயே இந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வகுப்பறையும் ஆசிரியரும் இல்லாத இடத்தில் லேப்டாப் எதற்கு என்ற கேள்வி அப்போது நியாயமாகவே எழுந்தது. பெரு நாடு எட்டு லட்சத்துக்கு மேல் வாங்கியது. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வு, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் கூடவில்லை என்று 2012இல் சொன்னது. உருகுவே மட்டும் வேறு விதமாகச் செய்தது. 2007இல் வில்லா கார்டல் என்ற சிற்றூரில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளில் அரசு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் கொடுத்து முடித்தது. இணைய இணைப்பு, ஆசிரியர் பயிற்சி, பழுதுபார்க்கும் ஏற்பாடு எல்லாம் கூடவே போயின. கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று அந்த நாடு இருந்துவிடவில்லை. அங்கே அந்தத் திட்டம் நிலைத்ததற்கு நான் காணும் காரணம் இதுதான்.

எக்ஸ்ஓ கடைக்கு வரவில்லை, பெரும்பாலும் அரசுகளுக்குத்தான் விற்றார்கள். ஆனால் அது சந்தையை உலுக்கியது. இன்டெல் 'கிளாஸ்மேட்' என்று பள்ளிக்கான தன் சிறு லேப்டாப்பைக் கொண்டுவந்தது. 2007 அக்டோபரில் தைவானின் ஆசுஸ் நிறுவனம் 'ஈ பிசி 701' மாடலை வெளியிட்டது. 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, லினக்ஸ், எடை ஒரு கிலோவுக்கும் குறைவு, விலை 399 டாலர். 'நெட்புக்' என்ற வகை இதிலிருந்துதான் பெருகியது. ஏசர், டெல், எச்பி என்று எல்லோரும் இறங்கினார்கள். 2008இல் இன்டெல் 'ஆட்டம்' சிப் கொடுத்தது. விண்டோஸ் எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் மலிவாகக் கொடுத்தது, 1 ஜிபி ராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனைதான் நெட்புக்கின் ஆயுளைக் குறைத்தது என்பது என் முடிவு. ஆனாலும் அந்தக் குட்டி இயந்திரத்தில் ஒரு நல்ல குணம் இருந்தது. அடியில் சிறு மூடி, இரண்டே ஸ்க்ரூ, திறந்தால் ராம். பேட்டரியைத் தாழ் நகர்த்திக் கையாலேயே கழற்றலாம்.

மூன்றாவது இயந்திரம் 2008 ஜனவரியில் வந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் அலுவலகக் காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை வெளியே எடுத்துக் காட்டினார். 1.36 கிலோ, 1,799 டாலர். பார்த்தவர்கள் அத்தனை பேரும் அதன் மெல்லிய உடம்பைப் பேசினார்கள். ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்ததையும், பேட்டரி உள்ளே அடைபட்டிருந்ததையும் பேசியவர்கள் குறைவு. எடை குறைய வேண்டுமானால் ஸ்லாட்டும் மூடியும் தாழும் போக வேண்டும் என்ற பழக்கம் அங்கிருந்து பரவியது. 2011இல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்று அதையே விண்டோஸ் உலகத்துக்குக் கொண்டுவந்தது. பிறகு விலை குறைந்த லேப்டாப்புகளும் அதே வழியில் போயின. மெல்லிய உடம்பு மட்டும் கீழிறங்கி வந்தது, தரமான கீல் வரவில்லை.

தமிழ்நாட்டின் கதை இந்த இடத்தில்தான் சேர்கிறது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். உலகமெங்கும் பள்ளிக்கென்று குட்டித் திரைகளை வாங்கிக்கொண்டிருந்த நேரம். இங்கே 14 அங்குலத் திரை, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் என்று முழு அளவு லேப்டாப்பையே கொடுத்தார்கள். விண்டோஸும் லினக்ஸும் இரண்டுமே இருந்தன. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் அதில் வந்தது. தமிழ் இடைமுகத்தை எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலில் பார்த்தது அதில்தான்.

முழு அளவு லேப்டாப் என்ற அந்த முடிவு சரியான முடிவு என்று இந்தத் தெருவில் உட்கார்ந்து அடித்துச் சொல்வேன். பாரம் அதிகம்தான். ஆனால் அந்த ஆரம்ப ஆண்டு லேப்டாப்புகளில் பேட்டரி தனியாகக் கழன்றது, ராம் மாற்ற முடிந்தது, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட முடிந்தது. பிளஸ் டூவில் வாங்கிய லேப்டாப்பைப் பொறியியல் கடைசி ஆண்டில் கொண்டுவந்து, ராமும் எஸ்எஸ்டியும் போட்டுக்கொண்டு, புராஜெக்டை அதிலேயே முடித்தவர்களை எனக்குத் தெரியும். அக்கா படித்து முடித்துத் தம்பிக்குக் கொடுத்த லேப்டாப்புகள் உண்டு. வீட்டில் முதல் கணினியாக வந்தது ஒரு தலைமுறை வேலை செய்ததென்றால், அதைத் திறக்க முடிந்ததுதான் காரணம். 300 கிராம் குறைத்து அதையெல்லாம் பற்றவைத்திருந்தால் அந்தத் தம்பிக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி, அவரவர் விருப்பப்படி தரப்படும் என்று அரசு அறிவித்தது. அப்படி விருப்பம் கேட்கப்படும் பிள்ளைகள் மடிக்கணினி என்றே சொல்லுங்கள். நாற்பது பக்க அறிக்கையைக் கண்ணாடித் திரையில் விரலால் தட்டி முடிக்க முடியாது. கொள்முதல் செய்யும் அதிகாரிகள் ஒப்பந்தப் புள்ளியில் விலையோடு உதிரிபாகத்தையும் எழுதுங்கள். பிரான்ஸ் 2021 முதல் லேப்டாப்பின் மேல் பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் போட்டே விற்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. நமக்கு அது இன்னும் அவசியம்.

சொந்தக் காசில் வாங்குகிறவர்கள் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். ராமுக்குத் தனி ஸ்லாட் உண்டா? பேட்டரி ஸ்க்ரூவில்தான் நிற்கிறதா? கீபோர்டு மட்டும் தனியாகக் கழலுமா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வரும் லேப்டாப், மற்றதைவிடக் கொஞ்சம் தடிமனாக, கால் கிலோ கூடுதலாக இருந்தாலும், அதையே வாங்குங்கள்.