ஆமிஷ் மனையியல் சிறுதொழில்கள்

ஆமிஷ் மனையியல் சிறுதொழில்கள் என்பவை வட அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவக் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள் பயின்று வந்த சமையல், அடுமனை, பதப்படுத்தல், தையல் முதலிய திறன்களைக் கொண்டு நடத்தும் சிறு வணிகங்கள் ஆகும். சாலையோரக் கடை, வீட்டு அடுமனை, சந்தைக் கடை, போர்வைக் கடை, வீட்டிலேயே பரிமாறும் விருந்து, சமையல் நூல் எனப் பல வடிவங்களில் இவை நடக்கின்றன. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டம், ஒகையோவின் ஹோம்ஸ் மாவட்டம், இந்தியானாவின் எல்க்கார்ட், லக்ரேஞ்ச் மாவட்டங்கள் ஆகியவை முக்கிய மையங்கள். இந்தத் திறன்கள் விற்பனைக்காக உருவானவை அல்ல. சொந்த வீட்டின் தேவைக்காகவும் சபையின் தேவைக்காகவும் வளர்ந்து, பிறகு வெளியாருடன் பகிரப்பட்டவை. இத்தொழில்களின் உறுதிக்கு அதுவே அடிப்படை.

பின்புலம்

1525-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் தோன்றிய அனபாப்டிஸ்ட் இயக்கத்தில் ஆமிஷ் மக்களின் வேர் உள்ளது. குழந்தைக்கு அல்ல, தானே விரும்பி விசுவாசத்தை ஏற்கும் வயதினருக்கே ஞானஸ்நானம் என்பது அதன் கொள்கை. அதற்காக அவர்கள் கடும் துன்புறுத்தலுக்கு ஆளானார்கள். 1693-இல் யாக்கோப் அம்மான் என்ற மூப்பர், சபை ஒழுங்கு தளர்கிறது என்று கருதிப் பிரிந்தார். அவரைப் பின்பற்றியவர்களே ஆமிஷ் எனப்பட்டனர்.

வில்லியம் பென் சமயச் சகிப்பை அடிப்படையாக வைத்து நிறுவிய பென்சில்வேனியா அவர்களுக்குப் புகலிடமாயிற்று. 1737-இல் ‘சார்மிங் நான்சி’ என்ற கப்பலில் பல ஆமிஷ் குடும்பங்கள் பிலடெல்பியாவில் வந்திறங்கின. 19-ஆம் நூற்றாண்டில் குடியிருப்புகள் ஒகையோவுக்கும் இந்தியானாவுக்கும் பரவின. 1862 முதல் 1878 வரை நடந்த ஊழியர் கூட்டங்களில் மாற்றத்தை ஏற்போருக்கும் பழைய ஒழுங்கைக் காப்போருக்கும் இடையே பிளவு முற்றியது. பழைய ஒழுங்கைப் பற்றி நின்றவர்களின் வழிவந்தோரே இன்று பெரும்பான்மையினர்.

‘ஆர்ட்னுங்’ எனப்படும் எழுதப்படாத சபை ஒழுங்கு உடை, கருவி, போக்குவரத்து, தொழில் அனைத்தையும் நெறிப்படுத்துகிறது. 1920 வாக்கில் லங்காஸ்டர் சபைகள் பொது மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பதை விலக்கின. வெளியுலகத்தோடு வீட்டைக் கம்பியால் கட்டிவிடக் கூடாது என்பதே நோக்கம். அதன் விளைவு அடுக்களையில் தெரிந்தது. சுற்றியிருந்த அமெரிக்கக் குடும்பங்கள் மின்சாதனங்களுக்கும் டப்பா உணவுக்கும் மாறிய பிறகும், ஆமிஷ் வீடுகளில் விறகடுப்பும் நிலவறைச் சேமிப்பும் கைவேலையும் நீடித்தன.

வீடே பயிற்சிக்கூடம்

ஆமிஷ் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள். அதற்கு மேல் அனுப்ப மறுத்த பெற்றோர் தண்டிக்கப்பட்டபோது வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1972-இல் விஸ்கான்சின் எதிர் யோடர் வழக்கில் நீதிமன்றம் பெற்றோரின் சமய உரிமையை ஆதரித்துத் தீர்ப்பளித்தது. பள்ளி முடிந்த பெண் தாயோடும் பாட்டியோடும் சேர்ந்து வேலை பழகுகிறாள். பிள்ளை பெற்ற உறவுப் பெண்ணின் வீட்டுக்குத் துணையாகப் போய்ச் சில வாரங்கள் தங்குகிறாள். இப்படிப் பல அடுக்களைகளின் பழக்கம் அவள் கைக்கு வருகிறது.

சபை வாழ்க்கை இந்தப் பயிற்சியைப் பெரிதாக்குகிறது. ஆமிஷ் மக்களுக்குப் பொதுவாகக் கோயில் கட்டடம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாரேனும் ஒருவர் வீட்டில் வழிபாடு நடக்கும். முடிந்ததும் எல்லோருக்கும் எளிய பகலுணவு: வீட்டு ரொட்டி, வேர்க்கடலைப் பசை, பாலாடைக்கட்டி, ஊறவைத்த பீட்ரூட், வெள்ளரி ஊறுகாய், உலர்ந்த ஆப்பிள் பை, காபி. திருமணமென்றால் முந்நூறு, நானூறு பேர்கூட வருவார்கள். லங்காஸ்டரில் அறுவடை முடிந்தபின் செவ்வாய், வியாழக்கிழமைகளில் திருமணங்கள் நடப்பது மரபு. கோழி இறைச்சியையும் ரொட்டித் துண்டுகளையும் கலந்து சுட்ட ‘ரோஷ்ட்’, வெண்ணெய்ச் சாற்றில் வெந்த செலரித் தண்டு, உருளைக்கிழங்கு மசியல் ஆகியவை அந்த விருந்தின் நிலையான உணவுகள். சமையற்காரரை அமர்த்தாமல் உறவினரும் அண்டை வீட்டாருமே சமைக்கிறார்கள். நூற்றுக்கணக்கானோருக்கு அளவு தவறாமல் சமைக்கத் தெரிந்த பெண்களுக்கு அடுமனைக் கடை திறப்பது புதிய வித்தையாக இருக்கவில்லை.

இந்தச் சமையலின் பொறுமைக்கு ஆப்பிள் வெண்ணெய் ஒரு சான்று. பெயரில் வெண்ணெய் இருந்தாலும் இதில் பால் பொருள் எதுவும் இல்லை. முற்றத்தில் விறகுத் தீயின்மேல் பெரிய செப்புக் கொப்பரையை ஏற்றி, ஆப்பிள் சாற்றைச் சுண்டக் காய்ச்சுவார்கள். தோல் சீவி நறுக்கிய துண்டுகளை அதில் இட்டு, தீயின் அனல் மேலே படாத அளவு நீண்ட காம்புள்ள மரத்துடுப்பால் மணிக்கணக்கில் கிளறுவார்கள். துடுப்பு நின்றால் அடிபிடித்துவிடும் என்பதால் பெரியவர்களும் பிள்ளைகளும் முறைவைத்துக் கிளறுகிறார்கள். கருஞ்சிவப்பாகத் திரண்டு வரும்போது பட்டையும் கிராம்பும் சேரும். பிறகு கண்ணாடி ஜாடிகளில் அடைத்து மூடினால் குளிர்காலம் முழுவதும் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள உதவும்.

சந்தையும் சாலையோரக் கடையும்

மனைப்பொருள் விற்பனை ஆமிஷ் மக்களுக்குப் புதிதல்ல. முட்டை, வெண்ணெய், கோழி, காய்கறி ஆகியவற்றை விற்றுக் கிடைக்கும் சிறு வருவாய் பண்ணைப் பெண்களின் கையில் நெடுங்காலமாகப் புழங்கியது. 1730-களிலிருந்து சந்தை கூடிவரும் லங்காஸ்டர் நகரின் மையச் சந்தை, 1889-இல் கட்டிய செங்கல் கட்டடத்தில் இன்றும் நடக்கிறது. 1893-இல் திறந்த பிலடெல்பியாவின் ரெடிங் டெர்மினல் சந்தை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நலிந்தது. 1980 வாக்கில் ஆமிஷ் வணிகர்கள் அங்கே கடைகள் தொடங்கியது அதன் மறுமலர்ச்சிக்குப் பெரிதும் உதவியது. கார் ஓட்டுவதைச் சபை அனுமதிப்பதில்லை. ஆகவே வெளியாரின் வேனை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு பென்சில்வேனியாவிலிருந்து மேரிலாந்து வரை சென்று வார இறுதிச் சந்தைகளில் விற்கிறார்கள். ஞாயிறன்று கடை திறப்பதில்லை.

போர்வைகள் வழியே வந்த கவனம்

ஆமிஷ் கைவினை என்றதும் நினைவுக்கு வரும் குவில்ட் எனும் ஒட்டுத்துணிப் போர்வை, ஐரோப்பாவிலிருந்து வந்த மரபு அன்று. அமெரிக்க அண்டை வீட்டாரிடமிருந்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆமிஷ் பெண்கள் அதைப் பரவலாக மேற்கொண்டார்கள். கற்றதைத் தமதாக்கினார்கள். பூவேலை இல்லாத ஒற்றை நிறக் கம்பளித் துணிகள், அழுத்தமான வண்ணங்கள், நடுவே பெரிய சாய்சதுரம் அல்லது நெடும்பட்டைகள் என்ற லங்காஸ்டர் பாணி உருவாயிற்று.

1971-இல் நியூயார்க்கின் விட்னி கலைக்கூடத்தில் ஜொனாதன் ஹோல்ஸ்டைன், கேயில் வான் டெர் ஹூஃப் ஆகியோர் அமெரிக்கப் போர்வைகளைச் சுவரில் மாட்டி ஓவியங்களாகக் காட்சிக்கு வைத்தனர். அதன்பின் சேகரிப்போரும் வணிகர்களும் ஆமிஷ் வீடுகளைத் தேடிச் சென்றனர். பழைய போர்வைகள் பெருமளவில் விலைக்குப் போயின. அந்தத் தேவையை உணர்ந்த குடும்பங்கள் புதிய போர்வைகளைத் தைத்து வீட்டின் ஓர் அறையிலேயே விற்கத் தொடங்கின.

இத்தொழிலில் வேலை பல கைகளுக்குப் பிரிகிறது. ஒருவர் துணி வெட்டி ஒட்டுகிறார், மற்றொருவர் தையல் கோலம் வரைகிறார். இன்னொருவர் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி நுண்தையல் போடுகிறார், வேறொருவர் ஓரம் மடிக்கிறார். நுண்தையல் போடுபவருக்குச் செலவான நூலின் நீளத்தைக் கணக்கிட்டுக் கூலி தருவது லங்காஸ்டர் வழக்கம். நெருக்கமாகத் தைத்தால்தான் நூல் அதிகம் செல்லும் என்பதால், அந்தக் கூலிமுறையே தரத்தைக் காக்கிறது. லாவோஸிலிருந்து அகதிகளாக வந்து லங்காஸ்டரில் குடியேறிய மோங் இனப் பெண்களும் 1980-களிலிருந்து இந்த வேலையில் பங்கேற்றார்கள் என்பதை ஜானெக்கன் ஸ்மக்கர் தம் 2013-ஆம் ஆண்டு நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெண்களின் கைத்திறனையும் இவ்வரலாற்றின் பகுதியாகக் கொள்வதே நேர்மை.

நிலத்திலிருந்து தொழிலுக்கு

1900-இல் சில ஆயிரங்களாக இருந்த ஆமிஷ் மக்கள்தொகை, ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு ஒருமுறை இரட்டித்து, 2024-இல் சுமார் 4 லட்சத்தை எட்டியது. நிலமோ வளரவில்லை. லங்காஸ்டரில் நகர விரிவாலும் சுற்றுலாவாலும் நிலவிலை ஏறியதால், எல்லா மகன்களுக்கும் பண்ணை வாங்கித் தருவது 1970-களிலிருந்து இயலாமற்போயிற்று. ஆலை வேலைக்குப் போனால் தகப்பன் நாள் முழுவதும் வீட்டை விட்டு விலகியிருப்பான் என்பது சபையாரின் பெருங்கவலை. குடும்பம் ஒன்றாக உழைக்கும் வீட்டுத் தொழில் அதற்கு விடையாக வந்தது.

இந்த மாற்றத்தை டொனால்ட் கிரேபில், ஸ்டீவன் நோல்ட் ஆகியோர் 1995-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தனர். தொடங்கிய தொழில்களில் மிகச் சிலவே மூடப்பட்டன என்பது அவர்களின் முக்கியக் கண்டறிதல். குறைந்த முதலீடு, குடும்ப உழைப்பு, நெருக்கடியில் கைகொடுக்கும் சபை, கடனில் எச்சரிக்கை ஆகியவை இதற்குக் காரணங்கள். அரசுச் சட்டமும் ஓரளவு துணை நின்றது. சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து சொந்தத் தொழில் செய்யும் ஆமிஷ் மக்களுக்கு 1965-இல் விலக்குக் கிடைத்தது. ஆமிஷ் பணியாளரை வைத்திருக்கும் ஆமிஷ் முதலாளிகளுக்கு 1988-இல் அது நீட்டிக்கப்பட்டது. மணமாகாத பெண்கள், கைம்பெண்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட தாய்மார் எனப் பெண்கள் உரிமையாளர்களாக நடத்தும் கடைகளும் கணிசமாகப் பெருகின.

சமையல் நூல்களும் பத்திகளும்

1890-இல் ஒகையோவின் சுகர்க்ரீக்கில் தொடங்கிய ‘தி பட்ஜெட்’ வார இதழில் ஊர்தோறும் உள்ள ஆமிஷ் எழுத்தாளர்களும், அதே அனபாப்டிஸ்ட் வேர்கொண்ட மென்னோனைட் பிரிவு எழுத்தாளர்களும் விளைச்சல், நோய், விருந்தாளி வருகை என எல்லாச் செய்திகளையும் கடிதமாக எழுதி வந்தனர். மென்னோனைட் மனையியல் ஆசிரியர் மேரி எம்மா ஷோவால்டர் பழைய கையெழுத்துக் குறிப்புகளைத் தேடித் தொகுத்து 1950-இல் வெளியிட்ட சமையல் நூல், இந்த மரபு அச்சேறியதில் ஒரு திருப்புமுனை. பிறகு ஊர்ச்சபைப் பெண்கள் தொகுத்த சுருள்கம்பிக் கட்டு நூல்கள் கடைதோறும் விற்பனைக்கு வந்தன.

1991-இல் இந்தியானாவைச் சேர்ந்த எலிசபெத் கோப்ளென்ட்ஸ், ‘ஆமிஷ் குக்’ என்ற நாளிதழ்ப் பத்தியைக் கையால் எழுதத் தொடங்கினார். ஆமிஷ் அல்லாத இளம் பத்திரிகையாளர் கெவின் வில்லியம்ஸ் அதைத் தட்டச்சு செய்து நாளிதழ்களுக்கு அனுப்பினார். குடும்ப நடப்பும் ஒரு சமையல் குறிப்பும் சேர்ந்த அந்தப் பத்தி நூற்றுக்கும் மேற்பட்ட இதழ்களில் வெளிவந்தது. 2002-இல் எலிசபெத் மறைந்தபின் அவர் மகள் லவினா ஐக்கர் தொடர்ந்தார். தாயிடம் மகள் கற்ற சமையலைப் போலவே அந்த எழுத்தும் கைமாறியது.

சுற்றுலாவும் உண்மையான உணவும்

1955-இல் பிராட்வேயில் அரங்கேறிய ‘ப்ளெய்ன் அண்ட் ஃபேன்ஸி’ இசைநாடகமும், 1985-இல் வந்த ‘விட்னஸ்’ திரைப்படமும் லங்காஸ்டருக்குப் பயணிகளை ஈர்த்தன. விருந்தில் ‘ஏழு இனிப்பும் ஏழு புளிப்பும்’ வைப்பது ஆமிஷ் வழக்கம் என்ற விளம்பரமும் சுற்றுலாவோடு பரவியது. பென்சில்வேனியாவின் ஜெர்மானிய வழிவந்த லூத்தரன், ரிஃபார்ம்டு குடும்பங்கள் அனைத்துக்கும் பொதுவான உணவுகள், ஆமிஷ் என்ற ஒரே பெயரின்கீழ் விற்கப்பட்டதை உணவு வரலாற்றாசிரியர் வில்லியம் வாய்ஸ் வீவர் சுட்டிக்காட்டியுள்ளார். ஷூஃப்ளை பை அப்படிப்பட்ட பொதுச்சொத்து. மொலாசஸைச் சுடுநீரிலும் சமையல் சோடாவிலும் கரைத்து மாவுக் கிண்ணத்தில் ஊற்றி, மாவும் பழுப்புச் சர்க்கரையும் கொழுப்பும் பிசிறிய உதிரியை மேலே தூவிச் சுடுவார்கள். அடியில் ஈரப்பாகும் மேலே மொறுமொறுப்பும் அமைவதே பதம்.

பெயரை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், ஆமிஷ் கை படாத ஆலைப் பொருள்கள்கூட அந்தப் பெயரில் விற்பனையாகின்றன. எனவே வாங்குபவர் குடும்பத்தின் முற்றத்துக்கே சென்று, செய்தவரிடமே வாங்குவதற்குத் தனி மதிப்பு உண்டு. சில வீடுகளில் முன்பதிவு செய்த குழுவினருக்குக் குடும்பத்தார் தங்கள் மேசையிலேயே விருந்து பரிமாறி, சமைத்த விதத்தையும் சொல்லித் தருகிறார்கள்.

கருவிகளும் சட்டமும்

மின்கம்பி இல்லாத கடைகளில் புரோப்பேன் வாயு அடுப்பும் குளிர்ப்பெட்டியும் இயங்குகின்றன. டீசல் எஞ்சினால் அழுத்திய காற்று குழாய் வழியே வந்து மாவு பிசையும் இயந்திரத்தையும் தையல் இயந்திரத்தையும் ஓட்டுகிறது. இத்தகைய கருவிகளை ஆமிஷ் குடும்பங்களுக்கு விற்பதற்கென்றே 1955-இல் ஒகையோவின் கிட்ரன் ஊரில் லேமன்ஸ் கடை தொடங்கப்பட்டது. எந்தக் கருவி ஏற்கத்தக்கது என்பதை ஒவ்வொரு சபையும் தனியே முடிவு செய்வதால் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு.

வீட்டு அடுக்களையில் செய்ததை விற்பது உணவுச் சட்டத்துக்கு உட்பட்டது. பென்சில்வேனியாவில் வீட்டுச் சமையலறையை வேளாண் துறையிடம் பதிவு செய்ய வேண்டும். இந்தியானா 2009-இல் வீட்டு விற்பனையாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ரொட்டி, பிஸ்கட், ஜாம் போன்றவற்றுக்குக் கெடுபிடி குறைவு. அமிலம் குறைந்த காய்கறி, இறைச்சி ஜாடிகளில் பாட்டுலிசம் எனும் கொடிய நோயைத் தரும் நச்சு உண்டாகக்கூடும் என்பதால் அவற்றுக்குக் கட்டுப்பாடு அதிகம்.

மதிப்பீடு

தொழில் மிகப் பெரிதானால் பெருமை சேரும், குடும்பமும் சபையும் பின்னுக்குப் போகும் என்று ஆமிஷ் மூப்பர்கள் எச்சரிக்கிறார்கள். வளர்ந்த கடையைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும், வெளியாருக்கு விற்றுவிட்டுச் சிறிதாக மீண்டும் தொடங்குவதும் நடக்கிறது. வணிக நோக்கில் இது இழப்பாகத் தோன்றலாம். கைத்திறனின் நோக்கில் இது பெரும் காப்பு. கடை சிறிதாக இருக்கும்வரை உரிமையாளரே மாவு பிசைகிறார், அவர் அருகில் நிற்கும் பெண் அதைப் பார்த்துக் கற்கிறாள். கைத்திறன் நூலில் பதிந்துவிட்டால் போதாது. அதை நாள்தோறும் தேவைப்படுத்தும் வீடும் கூட்டமும் வேண்டும். ஆமிஷ் குடும்பங்கள் விற்பனையின் பொருட்டு அந்த வீட்டை விட்டுக்கொடுக்கவில்லை. கைத்தொழில் மரபுகளைக் காக்க விரும்பும் எந்தச் சமூகமும் இவர்களிடம் கற்கவேண்டிய பாடம் இது.