அரைப் பேர்

கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் காமன் கூத்து நடந்த இரவு, எங்களில் ஒருவர் ரதியின் ஆட்டத்தைப் போனில் எடுத்து முகநூலில் போட்டார். ரதியாக ஆடியவர் ஓர் இளைஞர். இராத்திரி முழுக்கக் கும்பிட்டு நின்ற ஊர்தான், விடிந்ததும் அந்த வீடியோவுக்குக் கீழே "பொட்டை" என்று எழுதியது. சாயங்காலம் அவர் எங்களைத் தேடி வந்தார். "அத எடுத்துடுங்க, வீட்டுல பிரச்சினை" என்றார். எடுத்துவிட்டோம். அவரிடம் கேட்காமலே போட்ட தப்பும் எங்களுடையதுதான்.

அன்றைக்கு எங்களுக்குள் எழுந்த கேள்வி இது: கூத்துக்குள்ளே கொடுக்கிற மரியாதையை, கூத்து முடிந்ததும் ஏன் திருப்பி வாங்கிக்கொள்கிறோம்? இதற்குப் பதில் தேடினால் போனுக்கும் முகநூலுக்கும் ரொம்ப முன்னாடி போக வேண்டியிருக்கிறது.

காமன் கூத்து மாசி மாசத்தில் நடப்பது. கம்பம் ஊன்றுவார்கள், தப்பு முழங்க லயத்துக்கு லயம் ரதியும் மன்மதனும் ஆடி வருவார்கள், கடைசியில் சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்துபோவான். ரதி அழுகிற இடத்தில் லயத்துப் பெண்களும் சேர்ந்து அழுவதை நாம எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் காலங்காலமாக ரதியாக ஆடி வந்தது ஆண்தான். விரதம் இருந்து ஆடுகிறவரை அந்த நாட்களில் ஊரே மதிக்கும். பெண்ணின் துக்கத்தைச் சொல்ல ஆணுக்கு இடம் உண்டு. அதே துக்கத்தை மேடையில் சொல்லப் பெண்ணுக்கு இடமில்லை. ஆடி முடித்த ஆண், பிறகும் கொஞ்சம் ரதியாகவே இருக்க நினைத்தால் அவருக்கும் இடமில்லை.

இந்தக் கோட்டைச் சாமி மட்டும் போடவில்லை, சம்பளப் புத்தகமும் போட்டது. தோட்டத்தில் "பேர்" என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். 1927ஆம் ஆண்டின் சட்டப்படி மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நாட்கூலி வகுத்தபோது ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்றார்கள். கவ்வாத்து வெட்டுகிற ஆண் மத்தியானத்தோடு வீடு திரும்பலாம். கொழுந்தெடுக்கிற அம்மா சாயங்காலம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். அப்படியிருந்தும் சம்பளம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமானது 1984இல்தான், அதுவும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு.

இந்தக் கோட்டைத் தாண்டி மேடையேறி வந்தவர் மீனாட்சி அம்மாள். இவருடைய கணவர் கோ. நடேசய்யர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தியவர். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கி அட்டனிலிருந்து இயக்கியவர். நடேசய்யரைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். மீனாட்சி அம்மாள் பத்திரிகை வேலையும் பார்த்தார், கூட்டங்களிலும் பாடினார். வாசிக்கத் தெரியாத கூட்டத்துக்குச் செய்தியைக் கொண்டுபோகப் பாட்டைவிட நல்ல வழி எது? தெரிந்த மெட்டில் புதுச் சொல்லைப் போட்டால், ஒருதரம் கேட்டவர் அடுத்த நாள் மலையில் பத்துப் பேருக்குப் பாடிக் காட்டுவார். இன்றைக்கு நாம ஒரு ரீல்ஸை "ஷேர்" பண்ணுகிற மாதிரிதான்.

1940இல் அவருடைய பாட்டுகள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக வந்தன. அது எப்படிப்பட்ட காலம் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டு அரசாங்க வேலைகளிலிருந்து இந்திய நாட்கூலிக்காரர்களை நீக்கினார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்துப்போனார். அந்த நேரத்தில் ஒரு பெண் தன் பேரைப் போட்டு அரசியல் பாட்டுப் புத்தகம் வெளியிட்டது சாதாரண விஷயமில்லை. ஆனால் நமக்கு இவரைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டால் "நடேசய்யர் சம்சாரம்" என்பார்கள். இதுவும் ஓர் அரைப் பேர்தான்.

1948இல் குடியுரிமை போனது, அடுத்து வாக்கும் போனது. பின்னாளில் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாக்கினார். அவர் செய்யாவிட்டால் பல பாட்டுகள் நமக்குக் கிடைத்திருக்காது. தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய அம்மாக்களின் பேர்தான் எங்கேயும் இல்லை.

"பொட்டை" என்று எழுதிய விரலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1883இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவுதான் ஒருபாலுறவைக் குற்றமாக்கியது. 1995இல் திருத்தியபோது, 365அ பிரிவுக்குள் பெண்களையும் சேர்த்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு வழி திறந்தது. அதை வைத்து ஒருவர் தன் ஆவணங்களில் பாலினத்தையும் பேரையும் மாற்றிக்கொள்ளலாம். கந்தப்பளையில் ஒரு லயத்து அறையில் இருக்கிற பிள்ளைக்கு இந்தச் செய்தி போன் வழியாகத்தான் வந்து சேர்கிறது. அந்தப் போனை யாராவது எட்டிப் பார்ப்பார்களோ என்ற பயமும் கூடவே இருக்கிறது.

நம்ம தலைமுறைக்குப் போன் என்ன செய்யும் என்பதை 2018 ஒக்டோபர் 24 காட்டியது. ஆயிரம் ரூபா சம்பளம் கேட்டு, சமூக வலைத்தளங்களில் அழைப்பு விட்டு, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கறுப்புச் சட்டையில் காலிமுகத்திடலில் கூடினார்கள். அந்த ஆயிரம் வர்த்தமானியில் வர 2021 மார்ச் ஆனது. 2024 நவம்பரில்தான் மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாகத் தேர்தலில் வென்று பாராளுமன்றத்துக்குப் போனார்கள்: நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல். மீனாட்சி அம்மாளின் புத்தகம் வந்து 84 வருசம் கழித்து.

இதையெல்லாம் படித்த பிறகு நாங்கள் எங்களுக்குள் மூன்று விஷயங்களை முடிவு பண்ணினோம். ஆடுகிறவரிடம் கேட்காமல் எதையும் எடுக்கவோ போடவோ மாட்டோம். பாட்டி பாடினால், பாட்டி சம்மதித்தால், பாட்டியின் பேரைப் போடுவோம். போட்ட பிறகு யாராவது அசிங்கமாக எழுதினால், அவரைத் தனியாக விட்டுவிட்டு வீடியோவை மட்டும் அழிக்க மாட்டோம். பதில் சொல்ல நாங்கள் அங்கே இருப்போம்.

ரதியாக ஆடியவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "வீடியோ வேணாம். ஆனா வார மாசிக்கும் ஆடுவேன், வந்து பாருங்க" என்றார். போன் பையிலேயே இருக்கட்டும். நாங்க போறோம்.