நாலு மெஷின் கணக்கு

2014இல் கம்பெனி வேலையாக லண்டன் போனபோது ஈஸ்ட்ஹாமில் அறை எடுத்திருந்தேன். தோசைக்கும் மளிகைக்கும் ஹை ஸ்ட்ரீட் நார்த் போதும். தமிழ்ப் பலகைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. ஒரு சனிக்கிழமை, வழக்கமாகக் காய் வாங்கும் கடைக்கார அண்ணன் எதிரே பூட்டிக்கிடந்த கடையைக் காட்டிச் சொன்னார்: "அதிலயும் பந்தயக் கடைதான் வரப்போகுதாம் தம்பி. ஏற்கெனவே எத்தினை இருக்கு! எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை."

கேட்டிருக்க வேண்டும் என்று அவர் நினைத்தது நியாயம்தான். ஒரு காலத்தில் சட்டமே அதைக் கேட்டது.

பிரிட்டனில் 1906 முதல் தெருவில் பந்தயம் கட்டுவது குற்றம். வசதியானவர்கள் புக்கியிடம் கணக்கு வைத்துக் கடனில் கட்டலாம். தொழிலாளி ரொக்கம் கட்ட வேண்டுமென்றால் பந்தய மைதானத்துக்கே போகணும். சந்து முனையில் பந்தயச் சீட்டு வசூலித்தவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டே இருந்தது. 1960 சட்டம் இந்தப் பாரபட்சத்தை முடித்தது. 1961 மே 1 முதல் பந்தயக் கடைகள் திறந்தன. ஆனால் ரெண்டு கடிவாளம். கடை கவர்ச்சியாக இருக்கக் கூடாது. 1986 வரை உள்ளே டிவிகூடக் கிடையாது. இன்னொன்று, இருக்கிற கடைகளே இந்த வட்டாரத்துக்குப் போதும் என்று தோன்றினால் மாஜிஸ்திரேட்டுகள் லைசென்ஸ் மறுக்கலாம்.

2005 சூதாட்டச் சட்டம் 2007இல் அமலுக்கு வந்தபோது இந்த ரெண்டாவது கடிவாளம் அறுந்தது. லைசென்ஸ் அதிகாரம் கவுன்சில்களுக்குப் போனது. கூடவே, தேவை இருக்கிறதா என்று பார்க்கவே கூடாது, அனுமதிப்பதையே நோக்கமாக வைக்க வேண்டும் என்ற விதியும் போனது.

அதே சட்டத்தில் ஒரு வரம்பு: கடைக்கு நாலு மெஷின். திரையில் ரூலெட்; 20 நொடிக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு 100 பவுண்டு வரை. 37 எண்களில் ஒன்று கடைக்கு என்பதால் சராசரி இழப்பு 2.7 சதவீதம். சின்னதுதானே? 100 பவுண்டு வைத்து முழு வேகத்தில் ஆடினால் ஒரு மணிநேரத்தில் 180 சுற்று. சராசரியாக 486 பவுண்டு காலி.

சர்வரோடு பழகியவர்களுக்கு அடுத்தது புரிந்திருக்கும். ஒரு சர்வருக்கு வரம்பு வைத்தால் இன்னொரு சர்வர் போடுவோம். அஞ்சாவது மெஷின் வேண்டுமா, அதே தெருவில் இன்னொரு கடை. மெஷினைக் கட்டுப்படுத்த வைத்த வரம்பு கடைகளைப் பெருக்கிவிட்டது.

ஈஸ்ட்ஹாம் இருக்கும் நியூஹாம் கவுன்சில் சும்மா இருக்கவில்லை. லைசென்ஸ் மறுத்துப் பார்த்தது. 2013இல் நிறுவனம் கோர்ட்டில் ஜெயித்தது. அடுத்த ஆண்டு தொண்ணூறுக்கும் மேற்பட்ட கவுன்சில்களைச் சேர்த்துக்கொண்டு, சுற்றுக்கு 2 பவுண்டுதான் உச்சம் என்று ஆக்கச் சொல்லி அரசிடம் கேட்டது. 2019 ஏப்ரலில்தான் அது நடந்தது. பிறகு நூற்றுக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. குதிரைகள் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்தக் கடைகள் எதை நம்பித் திறந்திருந்தன என்பது அதில் தெரிந்துபோனது.

அதன்பின் காலியான கடைகளுக்கு ஸ்லாட் மெஷின் அரங்குகள் வர ஆரம்பித்தன. பல இரவு முழுக்கத் திறந்திருப்பவை. வட்டாரத்துக்காரர்கள் மனு போட்டார்கள். மனுவில் குற்றங்கள் பற்றி, குழந்தைகள் பற்றி, எளிதில் சிக்கிக்கொள்பவர்கள் பற்றி எழுதலாம். "எங்கள் தெருவுக்கு இருப்பதே போதும்" என்பது மட்டும் 2005 சட்டப்படி ஒரு காரணமே இல்லை.

அண்ணனிடம் இருந்ததோ அந்த ஒரு காரணம்தான்.