பீரங்கியின் குழந்தை: ஒரு ஆனைத் துப்பாக்கியின் கதை

எங்கள் அப்பிச்சியின் தோட்டம் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணைக்குப் போகிற வழியில் இருக்கிறது. சின்ன வயசில் பள்ளிக்கூட லீவு விட்டால் திருப்பூரிலிருந்து பஸ் பிடித்து அங்கே போய்விடுவேன். அந்த வீட்டில் என்னை ரொம்பவும் ஈர்த்த பொருள் டிவி இல்லை. சுவரில் இரண்டு ஆணிகளின் மேல் படுத்திருந்த ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி.

உரிமம் உள்ள துப்பாக்கிதான். பயிரைக் காப்பாற்ற வாங்கிய உரிமம். தேர்தல் வந்தால் மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திருப்பி வாங்கி வருவார். மக்காச்சோளம் பால் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கும். அப்போது அப்பிச்சி குண்டு போடாமல் மருந்தை மட்டும் கெட்டித்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். காது அடைக்கும். வெள்ளைப் புகை வரப்பு முழுக்கப் பரவும். தீபாவளி அன்று காலையில் தெருவில் வரும் அதே கந்தக வாசம். பன்றிகள் ஓடிவிடும், நானும்தான் :-)

ஒருநாள் கேட்டேன், "ஏனுங்க அப்பிச்சி, இதுல ஆனையச் சுட முடியுங்களா?"

சிரித்துவிட்டார். "அட போ கண்ணு. இதுல சுட்டா ஆனைக்குக் கொசு கடிச்ச மாதிரி. அது திரும்பி நம்மளப் பாத்துச்சுன்னா நாம எங்க போயி ஒளியறது?"

அப்படியானால் யானையைச் சுட என்ன மாதிரி துப்பாக்கி வேண்டும்? அந்தக் கேள்விக்குக் கல்லூரி நூலகத்தில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த வகைத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். இப்போதைய துப்பாக்கியில் தோட்டாவைப் பின்பக்கம் போடுகிறோம். பழைய துப்பாக்கியில் எல்லாமே வாய் வழியாகத்தான். குழலை நிமிர்த்தி வைத்து, அளந்த கருமருந்தைக் கொட்ட வேண்டும். அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, கெஜக்கோலால் அடிவரை இடிக்க வேண்டும். பிறகு பின்பக்கத்தில் உள்ள சின்னக் காம்பின்மேல் ஒரு கேப்பை மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் குதிரை வந்து கேப்பில் அடிக்கும், தீப்பொறி உள்ளே போகும், மருந்து பற்றிக்கொள்ளும். ஒரு வெடிக்கு இவ்வளவு வேலை. நிதானமாகச் செய்தால் ஒரு நிமிடம் ஆகிவிடும்.

குழலின் உள்ளே வழவழப்பாக இருந்தால் அது சாதா துப்பாக்கி. போல்ட்டில் மரை ஓடுவது மாதிரி உள்ளே வரிகள் சுற்றி ஓடினால் அது ரைஃபிள். அந்த வரிகள் குண்டைச் சுழல வைக்கும். சுழல்கிற பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழல்கிற குண்டும் நேராகப் போகும். குண்டு வரிகளைக் கவ்விக்கொள்ள வேண்டும் என்பதற்காக எண்ணெய் தடவிய துணித்துண்டில் வைத்து இடிப்பார்கள். திருப்பூர்க்காரனுக்கு உடனே ஒரு சந்தேகம் வருமே, பனியன் துணி ஆகுமா? ஆகாது. பின்னல் துணி இழுத்தால் நீளும், ஒரே கனத்தில் நிற்காது. அதற்குத் தறியில் நெருக்கமாக நெய்த பருத்தித் துணிதான் சரி. ஆனால் சுட்ட பிறகு குழலைத் துடைக்கப் பனியன் வேஸ்ட்டை மிஞ்ச ஆளில்லை. கருமருந்துக் கரி ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைத்துவிடும் என்பதால் அப்பிச்சி சுட்ட அன்றே துடைத்துவிடுவார். அதற்காகவே நான் ஊரிலிருந்து ஒரு பை வேஸ்ட் கொண்டுபோவேன்.

சரி, யானைக்கு வருவோம்.

கருமருந்துக்கு ஒரு பலவீனம் உண்டு. குண்டின் வேகத்தை அதனால் ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. இன்னும் மருந்தைக் கொட்டினால் புகையும் உதையும்தான் அதிகமாகும். வேகத்தைக் கூட்ட முடியாதபோது பலத்தைக் கூட்ட மிச்சம் இருக்கிற வழி ஒன்றுதான், குண்டின் எடை. உருண்டையின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும். அதனால்தான் அந்தக் காலத்து ஆனைத் துப்பாக்கிகள் அவ்வளவு பருமனாக இருந்தன. அவற்றின் பருமன் பலத்தின் அடையாளம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது மருந்தின் பலவீனத்துக்குச் செய்த வைத்தியம்.

யானையின் மண்டையும் லேசுப்பட்டது இல்லை. வெளியே தெரிகிற அந்தப் பெரிய நெற்றிக்குள் பெரும்பகுதி தேன்கூடு போலக் காற்றறைகள் நிறைந்த எலும்பு. மூளை அதற்கும் பின்னால், உள்ளே தள்ளி இருக்கிறது. மெத்தென்ற ஈயக் குண்டு எலும்பில் பட்டு நசுங்கிவிடும் என்பதால் ஈயத்தோடு வெள்ளீயம் கலந்து கெட்டியாக்கிக்கொண்டார்கள்.

நம் ஆனைமலையில் வேட்டையாடிய வெள்ளைக்கார அதிகாரிகளும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மலைகளைச் சுற்றி அறிக்கை எழுதிய டக்ளஸ் ஹாமில்டனின் வேட்டைக் குறிப்புகள் 1892-ல் புத்தகமாக வந்தன. ஆனால் துப்பாக்கியைப் பற்றியே விலாவாரியாக எழுதியவர் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் இருந்த சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய் ஆல்பர்ட் ஏரியை எழுதிப் புகழ்பெற்றவர் இவர்தான்.

1840-ல் பேக்கருக்கு வயது 19. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்ற துப்பாக்கிக்காரரிடம், தானே திட்டமிட்ட ஒரு ரைஃபிளைச் செய்யச் சொன்னார். எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ. ஒரு வயசுக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு குறி பார்ப்பது மாதிரி. குழல் மட்டும் 36 அங்குலம். உள்ளே இரண்டே இரண்டு வரிகள். குண்டின் இடுப்பில் ஒட்டியாணம் போல ஒரு பட்டை இருக்கும், அது அந்த வரிகளில் பொருந்தி உட்காரும். குண்டின் எடை 3 அவுன்ஸ், சுமார் 85 கிராம். கணக்குப் போட்டால் குறுக்களவு 24 மில்லிமீட்டர் வருகிறது, ஒரு நெல்லிக்காய். ஒரு வெடிக்கு மருந்து ஒரு அவுன்ஸ், சுமார் 28 கிராம்.

அவர் 1845 வாக்கில் இலங்கைக்கு வந்தபோது அங்கே யானைகளை நூற்றுக்கணக்கில் கொன்றவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் இருந்தார்கள். ஆனால் ரைஃபிள் கிடையாது. எல்லாரும் வழவழப்புக் குழல் துப்பாக்கியில் இரட்டைப் பங்கு மருந்தும் கெட்டிக் குண்டும் போட்டு, மிக அருகில் போய்ச் சுட்டார்கள். குண்டு தவறினால் மறுபடி கெட்டிக்க நேரம் இருக்காது. அதனால் பின்னாலேயே உள்ளூர் ஆட்கள் கெட்டித்த துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். யானை திரும்பினால் அவர்களுக்கும் அதே ஆபத்து. புத்தக அட்டையில் பெயர் வந்ததோ சுட்டவருக்கு மட்டும்.

கையில் பெரிய துப்பாக்கி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பேக்கரே ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். மின்னேரியா ஏரிக்கரையில் காயம்பட்ட காட்டெருமை ஒன்று எதிரே நின்றுகொண்டு முறைக்கிறது. கையில் இருப்பது லேசான இரட்டைக்குழல் துப்பாக்கி. குண்டுகள் தீர்ந்துவிட்டன. என்ன செய்தார் தெரியுமா? மருந்தை இரட்டைப் பங்காகக் கொட்டினார். சட்டையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, கூலிக்காரர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த சில்லறைக் காசுகளை அதில் சுருட்டி, குழலுக்குள் இடித்தார். எருமை பாய்ந்தபோது மிக அருகில் வைத்துச் சுட்டார். எருமை விழுந்தது, ஆனால் சாகவில்லை. கிடைத்த அந்த இடைவெளியில் அவரும் கூட இருந்தவரும் தப்பித்தார்கள். கூலிக்காரர்களின் சம்பளம் அன்று துரையின் உயிரைக் காப்பாற்றியது!

இதைவிடப் பெரிய துப்பாக்கியும் அவரிடம் பிறகு வந்தது. 1861-ல் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது லண்டன் ஹாலண்ட் கம்பெனி செய்த ஒரு ரைஃபிளை எடுத்துப்போனார். அது வெடிப்பது அரைப் பவுண்டு, அதாவது சுமார் 227 கிராம் எடையுள்ள வெடிகுண்டு. அதைச் சுட்டால் புயலில் மாட்டிய காற்றாடி போலத் தன்னையே சுழற்றிவிடும் என்று எழுதியிருக்கிறார். பேக்கர் நல்ல வாட்டசாட்டமான ஆள். அவரே அதைச் சுடப் பயந்து அபூர்வமாகத்தான் எடுத்தார். கூட இருந்த அரபி பேசும் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் 'ஜென்னா எல் முத்ஃபா'. பீரங்கியின் குழந்தை என்று அர்த்தம். பேக்கர் சுருக்கி 'பேபி' என்று கூப்பிட்டார்.

இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. யானையின் உடம்பு துப்பாக்கியைப் பெரிதாக்கிக்கொண்டே போனது. ஆனால் அதைத் தாங்கிய மனிதத் தோள் பெரிதாகவில்லை. நியூட்டனின் மூன்றாம் விதி வெள்ளைக்காரத் துரைக்கும் ஒன்றுதான்! குண்டு எவ்வளவு பலமாக முன்னே போகிறதோ அவ்வளவு பலமாகத் துப்பாக்கி பின்னே உதைக்கும். கருமருந்து ரைஃபிள் தன் எல்லையைத் தொட்ட இடம் மனிதனின் தோள்பட்டை.

அந்த எல்லையை உடைத்தது வேதியியல். புகையில்லாத மருந்து வந்த பிறகு, 1898-ல் லண்டன் ரிக்பி கம்பெனி கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் ரைஃபிளின் குண்டு எடை வெறும் 31 கிராம். அதே யானையைக் கொல்ல அது போதுமானதாக இருந்தது. நெல்லிக்காய்க் குண்டுக்கு வேலை போய்விட்டது.

ஆனால் அதற்கு முன்பே யானைகள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமில்லை. இலங்கையில் மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒருவர் மட்டும் 1,400-க்கும் மேல் யானைகளைக் கொன்றதாகச் சொல்வார்கள். அவர் 1845-ல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அரசாங்கமே ஒரு யானைக்கு இவ்வளவு என்று வெகுமதி கொடுத்தது. 1848-க்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் சுமார் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் டென்னன்ட் எழுதியிருக்கிறார். அவ்வளவையும் பேக்கர் மாதிரி ரைஃபிள் வைத்துக் கொல்லவில்லை. சாதாரணத் துப்பாக்கியும் வெகுமதிப் பணமும் சேர்ந்து செய்த வேலை அது. நம் சென்னை மாகாணத்திலும் யானையைக் கொன்றால் வெகுமதி தந்த காலம் ஒன்று இருந்தது.

அதே சென்னை மாகாணம்தான் பிறகு விழித்துக்கொண்டது. 1873-ல் காட்டு யானைகளைப் பாதுகாக்க இங்கே ஒரு சட்டம் வந்தது. 1879-ல் யானைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தன் உயிரைக் காக்கவும், வீட்டையும் பயிரையும் அழிக்கும்போதும் அதில் விலக்கு இருந்தது. யானைமேல் வந்த பாசம் மட்டும் காரணம் இல்லை. மரம் இழுக்கவும் ராணுவச் சுமை தூக்கவும் சர்க்காருக்கு யானை தேவைப்பட்டது. காரணம் எதுவானாலும் யானைக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1977-ல் யானை அதன் முதல் அட்டவணைக்குப் போனது.

இன்னொரு பக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, தென்பகுதிப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கவே கம்பெனி தடை போட்டது. 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. ஆக, அதே நூற்றாண்டில் பொழுதுபோக்குக்கு ஒன்பதரை கிலோ ரைஃபிள் தூக்கியவர் ஒருவர், பன்றி விரட்டும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டு நின்றவர் இன்னொருவர். எங்கள் அப்பிச்சி இந்த இரண்டாவது வரிசையில் வந்தவர்.

இந்தப் பழைய துப்பாக்கிகளை இன்றும் பார்க்க ஆசைப்படுபவர்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவுக்குப் போகலாம். வெளிநாடுகளில் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கென்றே உலகப் போட்டிகள் நடக்கின்றன, சுடுவது காகித இலக்கை. பக்கத்தில் குடகில் கைல்போத் பண்டிகையன்று துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிட்டு, தேங்காயைக் குறிவைத்துச் சுடுகிறார்கள். துப்பாக்கிக்கு இதைவிட நல்ல ஓய்வுகாலம் எனக்குத் தோன்றவில்லை.

பேக்கர் சில்லறைக் காசைச் சுட்ட அதே மின்னேரியாவில் இப்போது தேசியப் பூங்கா இருக்கிறது. கோடையில் ஏரி வற்றும்போது நூற்றுக்கணக்கான யானைகள் புல் மேய ஒன்றுகூடுகின்றன. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் கேமராவோடு வருகிறார்கள்.

அப்பிச்சி இப்போது இல்லை. துப்பாக்கியை அவர் காலத்திலேயே உரிமத்தோடு ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். சுவரில் இரண்டு ஆணிகள் மட்டும் இருக்கின்றன. போன வருஷம் உடுமலையிலிருந்து மூணாறு போகிற ரோட்டில், சின்னாறுக்கு முன்னால் எங்கள் பஸ் நின்றது. ஒரு தாய் யானையும் குட்டியும் ரோட்டைக் கடந்தன. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். யாரும் பேசவில்லை. தாய் யானை ஒரு நொடி திரும்பி எங்களைப் பார்த்தது. "நம்மளப் பாத்துச்சுன்னா எங்க போயி ஒளியறது" என்று அப்பிச்சி சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஒளிய வேண்டிய அவசியம் எங்களுக்கும் இல்லை, அதற்கும் இல்லை.